முன்கதவு தானே பூட்டிக்கொள்ளும்

மார்ச் 29, சனி

காலை எட்டுக்கே தார் உருகும் வெயில். இன்று செய்ய நினைத்தவை: இட்லி மாவு அரைக்க, அப்பாவுக்கு பி.பி. மாத்திரை வாங்க, ஜன்னல் திரைகள் துவைக்க. செய்தது ஒன்றுமில்லை. வீட்டுக்குப் பாதுகாப்பு வந்து இறங்கியது.

கொண்டு வந்தவன் தம்பி ஜெபராஜ். (இனி ஜெ. முழுப் பெயரையும் எழுத இன்று மனமில்லை.) நகரத்தின் மறுகோடி கொண்டாப்பூரிலிருந்து காரில், கூடவே இரண்டு டெக்னீஷியன்கள். போன வாரம் எங்கள் பின் தெருவில் ஒரு வீட்டுப் பூட்டை உடைத்து டி.வி.யையும் சிலிண்டரையும் தூக்கிப் போய்விட்டார்கள். அதிலிருந்து அவனுக்குத் தூக்கமே இல்லையாம். கிறிஸ்துமஸுக்குப் பிறகு எங்கள் மௌலா அலி பக்கமே எட்டிப் பார்க்காதவனுக்குத் தூக்கமில்லை.

மாட்டியவை:
- முன்கதவுக்குப் புதுப் பூட்டு. விரல் வைத்தால் திறக்கும். ஆறு எண் அழுத்தினால் திறக்கும். கார்டு காட்டினாலும், போனில் தொட்டாலும். கதவைச் சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும்.
- கதவுக்கு மேல் கேமரா. அதிலேயே மைக், ஸ்பீக்கர், சைரன். கேட்டில் இன்னொன்று.
- ஹாலில் ஆள் அசைந்தால் எரியும் லைட், ஓடும் ஃபேன்.
- சொன்னபடி கேட்கும் டப்பா ஒன்று. தமிழ் தெரியாது.

பின்கதவை உள்ளே தாழ் போட்டு, அதன்மேல் ஒரு பட்டையும் அடித்துவிட்டார்கள். முன்கதவை ஒட்டிய ஜன்னலுக்குக் கம்பி வலை. அந்த ஜன்னலுக்கு உள்ளே ஓர் ஆணியில்தான் இத்தனை வருஷமும் சாவி தொங்கியது. கையை விட்டு எடுத்தால் ஆயிற்று.

“அக்கா, இனிமே நீ ஆபீஸ்ல இருந்தே கதவைத் திறக்கலாம். எல்லாம் உன் கன்வீனியன்ஸுக்குத்தான்.”

ஆபீஸில் என் போன் எங்கே இருக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவனுக்கு ஒரு கால். முற்றத்துக்குப் போய்விட்டான்.

அப்பாவின் விரல் பதியவில்லை. கட்டை விரல், ஆள்காட்டி, மோதிர விரல், இரண்டு கையிலும் பார்த்தார்கள். சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னார்கள். ஆயுசெல்லாம் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். அரம் பிடித்துப் பிடித்து ரேகை தேய்ந்த கை. ரேஷன் கடையில் பதியாது. பென்ஷனுக்கு உயிரோடு இருப்பதைக் காட்டும் மெஷினிலும் பதியாது, கண்ணைத்தான் காட்ட வேண்டும். எனக்குத் தெரியும். ஜெ.க்குத் தெரியாது. டெக்னீஷியன் பையன் “அங்கிள்க்கு விரலே இல்ல சார்” என்று சிரித்தான். அப்பாவும் கூடச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சரி, எண்ணாவது போடலாம் என்றார்கள். அப்பா ஒர்க்‌ஷாப்பில் தனக்கிருந்த டோக்கன் நம்பரைப் போடச் சொன்னார். “அது செத்தாலும் மறக்காதுல.” ஜெ. ஒப்பவில்லை. அது நாலு எண்தான், அதோடு காலனியில் எல்லாருக்கும் தெரியும் என்றான். தெரியும்தான். ரிட்டையரான கிழங்கள் இன்னும் ஒருவரையொருவர் டோக்கன் நம்பர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். அதனால் ஜெ. தன் மகன் பிறந்த தேதியைப் போட்டான். ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜ் மேல் ஒட்டினான். ஃபிரிட்ஜ் வீட்டுக்குள்ளே இருக்கிறது.

பூட்டுக்கு நிஜச் சாவியும் இரண்டு உண்டு, அவசரத்துக்கு. இரண்டும் இப்போது கொண்டாப்பூரில்.

கடைசியாக ஒன்று. எதிர்வீட்டு லச்சம்மாவிடம் எங்கள் பழைய சாவி ஒன்று உண்டு, அம்மா காலத்திலிருந்து. அதை வாங்கி வரச் சொன்னான். பூட்டையே கழற்றியாயிற்று, அந்தச் சாவி எதற்கு என்றேன். “யார்கிட்டயும் நம்ம வீட்டுப் பொருள் இருக்கக் கூடாதுக்கா.” அவன் போகவில்லை. நான்தான் போனேன். லச்சம்மா சாமி மாடத்திலிருந்து எடுத்து, முந்தானையில் துடைத்துக் கொடுத்தாள். ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

மார்ச் 30, ஞாயிறு

உகாதி. கோயிலில் ஆராதனை முடிந்து வந்து மீன் குழம்பு.

உகாதியன்று லச்சம்மா பச்சடி கொண்டு வருவாள். கேட்டைத் தள்ளி, நேரே அடுக்களைக்குள் வந்து, எங்கள் கிண்ணத்தில் ஊற்றி, தானே ஒரு ஸ்பூன் எடுத்து அப்பாவுக்குக் கொடுத்துவிட்டுப் போவாள். இந்த வருஷம் கேட்டுக்கு வெளியே நின்று மணி அடித்தாள். அவளுக்கு மணி அடிக்கத் தெரியும் என்பதே எனக்கு இன்றுதான் தெரியும். கேட்டுக்கு மேலாகக் கிண்ணத்தை நீட்டினாள். என் போன் கிணுங்கியது: வாசலில் அன்னோன் பர்சன்.

ஜெ.யைக் கூப்பிட்டு, லச்சம்மா முகத்தையும் அந்த ஆப்பில் சேர் என்றேன். என் முகம், அப்பா, அவன், அவன் மனைவி, மகன், எங்கள் பாஸ்டர், எல்லாம் சேர்த்திருக்கிறானே.

“ஃபேமிலி மட்டும் போதும்க்கா. லச்சம்மாவா? அவங்க இன்னும் இருக்காங்களா?”

அம்மா டைபாய்டில் கிடந்த ஒரு மாதமும் இவனை இடுப்பில் வைத்துச் சோறு ஊட்டியவள். தெருவைக் கடந்தால் அவள் வீடு. இன்னும் இருக்கிறாளாம்.

பச்சடியில் இந்த முறை வேப்பம்பூ கொஞ்சம் தூக்கல்.

ஏப்ரல் 1, செவ்வாய்

சனத்நகருக்கு லோக்கல் டிரெய்ன், உட்கார இடம் கிடைத்தது. ஸ்டோர்ஸில் கேஸ்கெட் பெட்டிகள் வந்து இறங்கியிருந்தன. நாள் முழுக்க அதை எண்ணி எண்ணிக் கண் பூத்துவிட்டது.

எங்கள் கம்பெனி டிஃபென்ஸுக்கு வால்வு செய்கிறது. கேட்டில் செக்யூரிட்டியிடம் போனைக் கொடுத்துவிட்டுத்தான் எவரும் உள்ளே போக முடியும். மானேஜரும் அப்படியே. மாலையில் வாங்கிப் பார்த்தால் ஜெ.யின் மிஸ்டு கால் வரிசை. அதற்கு முன்னும் பின்னும் கேமரா அனுப்பியவை: பூனை, அப்பா, அப்பா, கூரியர் பையன், கறிவேப்பிலைச் செடியின் நிழல், அப்பா.

விஷயம் கேட்டதும் ஜெ. அதிர்ந்துபோனான். போனைக் கேட்டில் கொடுப்பேனா, எப்போதிருந்து என்றான். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து. அவனுக்குக் கல்யாணம் ஆவதற்கும் முன்னால். அந்தச் சம்பளத்தில்தான் அவன் கடைசி வருஷம் படித்தான். அதைச் சொல்லவில்லை.

“அப்படியா... சரி விடு. என் போன் எப்பவும் கைல தான் இருக்கு. நான் பாத்துக்கறேன்.”

பார்த்துக்கொள்கிறானாம். 

ஏப்ரல் 2, புதன்

அப்பாவுக்கு எண் பழக்கினேன். சொல்லும்போது சரியாகச் சொல்கிறார். கதவுக்கு முன்னால் நின்றால் விரல் தானாக டோக்கன் நம்பருக்குப் போய்விடுகிறது. சில தடவை தப்பானால் பூட்டு கோபித்துக்கொண்டு கொஞ்ச நேரம் எதையும் ஏற்பதில்லை.

கார்டைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுவிட்டேன். “நாய்க்குப் போடுத மாரில்லா இருக்கு” என்று கழற்றிச் சட்டைப் பையில் வைத்தார். வீட்டில் அவர் சட்டை போட்டு நான் பார்த்ததில்லை. இடுப்பில் சாரம், மேலே பனியன், அவ்வளவுதான்.

மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் சுவரில் மார்க்கரால் எண்ணைப் பெரிதாக எழுதிவைத்தேன். கையைக்கூடத் துடைக்கவில்லை, அதற்குள் ஜெ.யின் போன். கேமராவில் பார்த்துவிட்டான். பாஸ்வேர்டை யாராவது வாசலில் எழுதுவார்களா என்று கத்தல். தின்னர் வைத்து அழித்தேன். எப்போது என்னைப் பார்க்கிறான், எப்போது பார்ப்பதில்லை என்று தெரியாமல் என் வாசலில் நிற்கிறேன். இந்த நோட்டை இனிமேல் படுக்கையறையில் உட்கார்ந்துதான் எழுத வேண்டும். அங்கே இன்னும் ஒன்றும் மாட்டவில்லை.

ஏப்ரல் 4, வெள்ளி

ஈஸ்டருக்கு முந்தின லெந்து கால ஜெபக்கூட்டம், இந்த வாரம் எங்கள் வீட்டில். பதினைந்து பேருக்குச் சுண்டல், டீ. ஒவ்வொருவர் உள்ளே வரும்போதும் என் போன் கிணுங்கல். கேட்டில் ஸ்டீபன் அண்ணன் கேமராவுக்கு வணக்கம் வைத்துவிட்டு வந்தார்.

பாஸ்டர் ஜெபம் நீளமானது. எல்லாரும் முழங்காலில், கண்ணை மூடி, அசையாமல். நடுவில் ஃபேன் நின்றது. வேர்த்து வழிந்தும் யாரும் கண் திறக்கவில்லை, கரண்ட் போயிற்று என்று நினைத்தோம். ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தால் ஹால் இருட்டு. ஆள் அசையாததால் வீட்டில் யாரும் இல்லை என்று அதுவே முடிவு செய்து அணைத்துவிட்டது. எல்லாரும் எழுந்ததும் பளீரென்று எரிந்தது. இருமல் வரும் அளவுக்குச் சிரிப்பு. அப்பா மட்டும், “இனி கை கால ஆட்டிக்கிட்டேதாம் ஜெபம் பண்ணணும் போல” என்றார். இந்த வீட்டில் எல்லாரும் சேர்ந்து சிரித்து வெகு நாளாகியிருந்தது.

டம்ளர் பத்தவில்லை. எப்போதும் லச்சம்மா வீட்டிலிருந்துதான் எடுத்து வருவோம். கேட்க நா எழவில்லை. பேப்பர் கப் வாங்கினேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

ஜெ. போன். பூனைக்கும் நிழலுக்கும் கிணுங்கிக்கொண்டே இருந்தால் மீட்டிங்கில் உட்கார முடியவில்லையாம். கேமரா அறிவிப்புகளை நிறுத்திவிட்டானாம். யாராவது அடுத்தடுத்துத் தப்பு எண் அழுத்திப் பூட்டை நோண்டினால் மட்டும் அவனுக்குத் தகவல் வருமாம். “முக்கியமானது மட்டும் போதும்ல?”

அப்பா வந்து நின்றால் அது முக்கியமில்லாததில் சேர்ந்தது. போனில் பேசும்போது எனக்கும் அது உறைக்கவில்லை. சரி என்றேன்.

ஏப்ரல் 10, வியாழன். ரயில்வே ஆஸ்பத்திரி

நேற்று நடந்தது. லச்சம்மா சொன்னதை அப்படியே எழுதிவைக்கிறேன். பிறகு ஆளுக்கொரு கதை சொல்வார்கள்.

முன்பகலில் குழாயில் மஞ்சீரா தண்ணீர் வந்திருக்கிறது. ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் வரும், தெருவே வால்வு திறக்க ஓடும். அப்பாவும் பனியனோடு வாசலுக்குப் போய்க் குழிக்குள் இருக்கும் வால்வைத் திறந்திருக்கிறார். பின்னால் கதவு சாத்திக்கொண்டது. பூட்டிக்கொண்டது. கார்டு உள்ளே சட்டைப் பையில்.

வெயிலில் வெகு நேரம் நின்றிருக்கிறார். லச்சம்மா தண்ணீர் பிடித்து முடித்துத் திரும்பும்போதுதான் பார்த்தாளாம். தன் வீட்டுக்கு வரச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறாள். வீட்டைத் திறந்து போட்டுவிட்டு வர முடியாது என்றாராம். திறந்து! வால்வு ஓடுகிறது, சம்ப் நிரம்பி வழியும் என்ற கவலை வேறு. மோர் கொடுத்திருக்கிறாள். பிறகு வெயிலுக்கு முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு, பழைய ஞாபகத்தில் ஜன்னலில் கையை விட்டிருக்கிறாள். வலை. பூட்டில் என்னென்னவோ அழுத்தியிருக்கிறாள். அப்பா அவளுக்குப் பக்கவாட்டில், படியோரக் கம்பியைப் பிடித்தபடி.

அப்போது சைரன். கூடவே கேமராவிலிருந்து ஓர் ஆண் குரல், காது கிழியும் சத்தத்தில்.

அப்பா கம்பியை விட்டுப் பின்னால் காலெடுத்து வைத்தார். படி.

விழுந்த பிறகு கதவு டிங் என்று தானே திறந்துகொண்டதாம். ஜெ. போனிலிருந்து திறந்திருக்கிறான். அதுவரை திறக்க முடியாத கதவு.

ஆட்டோவில் அப்பா தலையை மடியில் வைத்துக்கொண்டு வந்தவள் லச்சம்மா. எனக்குச் செய்தி தெரிந்தது மாலையில், செக்யூரிட்டி போனைக் கையில் கொடுத்த பிறகு. அதுவரை கேஸ்கெட் எண்ணிக்கொண்டிருந்தேன். இடுப்பு எலும்பு. நாளை ஆபரேஷன்.

ஏப்ரல் 11, வெள்ளி

ஆபரேஷன் முடிந்தது. பிளேட் வைத்திருக்கிறார்கள். வார்டு வாசலில் பெஞ்சில் உட்கார்ந்து ஆப்பைத் திறந்து அந்த வீடியோவைப் பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாம். பார்க்காமலும் முடியவில்லை.

அப்பா டோக்கன் நம்பரை அழுத்துகிறார். பீப். மறுபடி அதே நம்பர். பீப். பனியனில் விரலைத் துடைத்துக்கொண்டு கட்டை விரலை வைத்துப் பார்க்கிறார். பிறகு தலையைத் தூக்கி நேராகக் கேமராவைப் பார்த்துப் பேசுகிறார். ஜெ. சொல்லியிருந்தானே, நான் எப்போதும் பார்த்துக்கொண்டிருப்பேன் என்று. நம்பியிருக்கிறார்.

“லே ஜெபா. நாந்தாம்ல. கதவத் தொற.”

 கொஞ்சம் நிழலுக்கு ஒதுங்கி நிற்கிறார். திரும்ப வருகிறார். மறுபடியும் அதே. கடைசியில் குரல் தழைந்து, கையைக் கும்பிடுவது போல் வைத்துக்கொண்டு, “ஏ மக்கா, வெயிலு தாங்கல ஐயா” என்கிறார்.

என் அப்பா ஒரு கதவைப் பார்த்துக் கும்பிட்டு நிற்பதைப் பார்த்தேன்.

பிறகு லச்சம்மா. மேலிருந்து பார்ப்பதால் முந்தானை போட்ட தலையும் ஜன்னலுக்குள் போகும் ஒரு கையும்தான் தெரிகிறது. அப்பா படத்தில் இல்லை, ஓரமாகிவிட்டார். சைரன். ஜெ.யின் குரல்: “ஏய்! கோன் ஹை தூ? நிக்கல்! பாஹர் நிக்கல் இதர் ஸே!” யார் நீ, இங்கிருந்து வெளியே போ என்று ஹிந்தியில். பிறகு விழும் சத்தம். விழுந்தவர் பக்கம் லச்சம்மா ஓடுகிறாள்.

ஜெ. கான்டீனில் டீ குடித்துக்கொண்டிருந்தான். பார்த்துவிட்டேன் என்றேன். பூட்டை யாரோ நோண்டுவதாகத் தகவல் வந்தது, மீட்டிங் நடுவில் பார்த்தேன், முகம் தெரியவில்லை, பின்னே என்ன செய்ய என்றான். கண் கலங்கியிருந்தது. அந்த நேரத்தில் அவன்மேல் எனக்குக் கொஞ்சம் இரக்கம் வந்ததையும் எழுதிவைக்கிறேன்.

ஏப்ரல் 12, சனி

இரக்கம் ஒரு நாள் தாங்கவில்லை.

பாஸ்டர் அம்மா (பாஸ்டரின் மனைவி) பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார். கையைப் பிடித்துக்கொண்டு, “எதிர்வீட்டுப் பொம்பள கதவை நோண்டி, அப்பா தடுக்கப் போயி தள்ளி விட்டுட்டாளாமே, போலீஸ்ல சொல்ல வேண்டியதுதான?” என்றார். யார் சொன்னது? ஜெ.தான். தள்ளினாள் என்று அவன் சொல்லவில்லையாம், “அந்த லேடி கதவை நோண்டினதுல நடந்தது” என்றானாம். மிச்சத்தை ஊர் முடித்துவைக்கும் என்று அவனுக்குத் தெரியாதா.

லச்சம்மா இரண்டு நாளாக ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. ஏன் என்று இப்போது புரிகிறது. அவள் மகன் காதுக்கும் போய்விட்டது. அந்த வாசலை மிதித்தால் தெரியும் சேதி என்று அவளைச் சத்தம் போட்டிருக்கிறான்.

ஜெ.யிடம் வார்டு என்றும் பார்க்காமல் கத்தினேன். நர்ஸ் வந்து வெளியே போகச் சொன்னாள்.

ஏப்ரல் 13, குருத்து ஞாயிறு

கோயிலுக்குப் போனேன், ஒரே ஒரு காரியத்துக்காக. ஆராதனை முடிந்ததும் பாஸ்டரையும் பாஸ்டர் அம்மாவையும் நிறுத்தி, கையில் குருத்தோலையோடு, நீங்களே பாருங்கள் என்று ஆப்பைத் திறந்தேன்.

அந்த நாளே இல்லை.

அதற்கு முந்தின நாள் இருக்கிறது, அடுத்த நாள் இருக்கிறது. ஏப்ரல் ஒன்றாம் தேதிப் பூனை இருக்கிறது. பாஸ்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஆண்டவர் எல்லாம் அறிவார் என்றார். அவர் அறிவார். ஊருக்கு யார் காட்டுவது?

ஜெ.க்குப் போன் செய்தேன். ஸ்டோரேஜ் நிறைந்திருக்கும், தானாக அழிந்திருக்கும் என்றான். பூனை மட்டும் எப்படி அழியவில்லை? “எனக்கு எப்படிக்கா தெரியும்.” ஆப்பில் அவன்தான் ஓனர். நான் மெம்பர். மெம்பருக்குப் பார்க்க மட்டும்தான் அனுமதி.

ஏப்ரல் 16, புதன்

அப்பா வீட்டுக்கு வந்தாயிற்று. வாக்கர், கமோடு நாற்காலி, ரப்பர் ஷீட், மாத்திரைப் பை. ஆபீஸில் லீவு சொன்னேன், மானேஜர் முகம் சுளித்தார்.

அப்பா பேசுவதே இல்லை. ஜெ. வந்தால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறார். ஆஸ்பத்திரியிலும் இப்படித்தான். வலி என்று நினைத்தேன்.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

கோயிலுக்குப் போகவில்லை. மும்மணி ஆராதனையைப் போனில் வைத்து இருவரும் கேட்டோம். மதியம் கஞ்சி, துவையல். ஊட்டிக்கொண்டிருக்கும்போது திடீரென்று கேட்டார்.

“ஏட்டி பியூலா, இந்த வீடு யாரு பேர்ல இருக்கு?”

உங்கள் பேரில்தான் என்றேன்.

“பெறவு எப்படிட்டி அவம் என்னைய வெளிய போன்னு சொல்லலாம்? கதவத் தொறன்னுதான கேட்டேன். தொண்டை வத்திப் போயி நிக்கேன். பாஹர் நிக்கலுங்கான். ‘தூ’ன்னு மருவாதியில்லாமப் பேசுதான்.”

கிண்ணம் என் கையில் இருந்தது, கீழே வைக்கத் தோன்றவில்லை. அவர் கேட்டுக்கொண்டே இருந்த அதே இடத்திலிருந்து, அதே மகனின் குரலில் வந்த பதில். தமக்கு என்றுதான் நினைத்திருக்கிறார். ஒரு வாரமாக அதை வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார்.

சொன்னேன். உங்களை இல்லை அப்பா, நீங்கள் நின்றது அவனுக்குத் தெரியவே இல்லை, லச்சம்மாவைத் திருடி என்று நினைத்துச் சத்தம் போட்டான் என்று ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னேன்.

அப்பா என்னைப் பார்த்த பார்வை! தம்பிக்காகப் பொய் சொல்கிறேன் என்று.

“லச்சம்மாவையா? அவ கையில சோறு தின்ன பய அவளப் போயி போன்னு சொல்லுவானா? இதுக்கு அவம் என்னையச் சொன்னாம்னே இருக்கட்டும்.”

அதற்கு மேல் கஞ்சி வேண்டாம் என்றுவிட்டார்.

ஏப்ரல் 19, சனி

ஆசாரியை வரவழைத்து அந்தப் பூட்டைக் கழற்றினேன். கதவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஓட்டை. பலகை வைத்து மூடி, பழைய மாதிரி நாதாங்கியும் பூட்டும் போட்டார். ஜன்னல் வலையையும் அறுத்தாயிற்று. பின்கதவுப் பட்டை போனது. கேமராவின் ஒயரை ஸ்டூலில் ஏறி நானே பிடுங்கினேன். ஆசாரி கூலி வாங்கிக்கொண்டு, இவ்வளவு புது சாமானை ஏன் அம்மா என்றார். பிடிக்கவில்லை என்றேன்.

ஜெ. கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். எடுக்கவில்லை. ஹாலில் அந்த லைட் மட்டும் இன்னும் நான் அசைந்தால் எரிகிறது. அதற்கு எலெக்ட்ரீஷியன் வேண்டும்.

மாலையில் ஒரு சாவியை எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்தேன். லச்சம்மா கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

“வத்தும்மா, வேண்டாம். இத்தனை வருஷம் கேக்காம வந்தேன், போனேன். இப்ப சாவி குடுத்து வரச் சொன்னா, நாளைக்கு எதாச்சும் காணோம்னா?”

என் மேல் சத்தியம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள் என்றேன். சொல்லியாயிற்றே என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அப்பா சாப்பிடுகிறாரா என்று கேட்டாள். கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

சாவியைக் கொண்டுவந்து ஜன்னல் ஆணியில் மாட்டினேன்.

ஏப்ரல் 20, ஈஸ்டர்

விடியற்காலை ஆராதனைக்குப் போகவில்லை. கறி எடுக்கவில்லை. பதினோரு மணிக்கு ஜெ. வந்தான், தனியாக, கேக்கோடு. கதவைப் பார்த்தான், கேக்கை மேஜையில் வைத்தான். அப்பாவைக் கொண்டாப்பூருக்குக் கூட்டிப் போக ஏற்பாடு செய்துவிட்டானாம். லிஃப்ட் உண்டு, கட்டிலை பட்டனில் ஏற்றி இறக்கலாம், நர்ஸ் வைத்திருக்கிறான், ரூமில் ஒரு கேமரா.

அப்பா சுவரைப் பார்த்தபடியே சொன்னார்: “எம் வீட்டுக்குள்ளயே விடாதவன், அவம் வீட்டுக்குள்ள என்னைய வைப்பானோ?”

ஜெ.க்குப் புரியவில்லை. நான்தான் விளக்கினேன். அவன் முகம் போன போக்கை எழுதக் கை வரவில்லை. கட்டில் பக்கம் முழங்காலில் உட்கார்ந்துவிட்டான். உங்களை இல்லப்பா, சத்தியமா உங்களை இல்ல, நான் போய் உங்களைச் சொல்வேனா என்று அழுதான். ஐம்பதை நெருங்குகிற ஆள். அப்பா அசையவில்லை. அவர் கையைப் பிடித்தான். அப்பா மெதுவாகக் கையை இழுத்துக்கொண்டார்.

“அக்கா, நீயாவது சொல்லேன்.”

“சொல்லிட்டேன். நம்பல. அந்த வீடியோவைக் காட்டு. அதுல தெளிவா இருக்கு, நீ யாரைச் சொன்னேன்னு.”

அவன் தரையைப் பார்த்தான். ஸ்டோரேஜ் என்று இந்த முறை சொல்லவில்லை.

அவனை அப்பாவிடம் மீட்க இருந்தது அது ஒன்றுதான். அதைத் தன் கையாலேயே அழித்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. யாரும் படிக்காத நோட்டு, அதனால் எழுதுகிறேன். சந்தோஷமாகத்தான் இருந்தது, கொஞ்ச நேரம்.

பிறகு சொன்னேன். “அங்க இன்னொரு ஆள் இருந்தாங்க. லச்சம்மா வந்து சொன்னா அப்பா நம்புவார். போய்க் கூட்டிட்டு வா. ஆனா நீதான் போகணும்.”

எழுந்து போனான். ஜன்னலில் நின்று பார்த்தேன். கேட்டைத் திறந்து வெளியே நின்றான். எதிரே லச்சம்மா வாசலில் முறத்தை வைத்துக்கொண்டு புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். கதவு அவள் முதுகுக்குப் பின்னால் அகலத் திறந்து கிடந்தது. நிமிர்ந்து இவனைப் பார்த்தாள். கையை நிறுத்தவில்லை. இவன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். ஒரு எட்டு எடுத்து வைத்தான். பைக் ஒன்று போனது, நின்றான். பைக் போன பிறகும் நின்றான்.

அப்புறம் காரில் ஏறிப் போய்விட்டான்.

அப்பா உள்ளேயிருந்து, யாரோ கேட்டைத் திறந்த சத்தம் கேட்டதே, லச்சம்மாவா என்றார். இல்லை என்றேன்.